மாற்று வழி என்னும் கேள்வி: வளர்ச்சித் திட்டங்களும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும்

அணை, துறைமுகம், சுரங்கம், அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை போன்ற பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கு முன்பாகவே, அது நிலத்திலும் நீரிலும் காற்றிலும் உயிரினங்களின் வாழ்விலும் அவற்றை நம்பிப் பிழைக்கும் மக்களிடத்திலும் என்னென்ன மாறுதல்களை உண்டாக்கும் என்பதை ஆராய்ந்து, ஆராய்ச்சியின் முடிவை அனுமதி வழங்கும் அதிகார அமைப்பின் முன்னும் பொதுமக்களின் முன்னும் வைக்கும் நடைமுறையே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப்படுகிறது. மாசு கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையின் புகையையும் கழிவுநீரையும் அளக்கின்றன. இந்த மதிப்பீடோ இன்னும் இல்லாத ஒன்றை, வரைபடத்தில் மட்டும் இருக்கும் ஒன்றை எடைபோட முனைகிறது. ஆகவே அது இயல்பாகவே ஊகத்தின் பாற்பட்டது. ஊகம் என்பதால் விவாதத்துக்கு உரியது. விவாதத்துக்கு உரியது என்பதால்தான் அதை எந்தக் கட்டத்தில், யார், எந்தக் கேள்வியோடு செய்கிறார்கள் என்பது அதில் சேர்க்கப்படும் தரவுகளின் அளவைவிட முக்கியமாகிறது.

இந்நடைமுறைக்குச் சட்ட வடிவம் தந்த முதல் நாடு அமெரிக்கா. 1969ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சனின் கையெழுத்தைப் பெற்றபோது, சுற்றுச்சூழலைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கக்கூடிய ஒவ்வொரு பெரிய நடவடிக்கைக்கும் விரிவான அறிக்கை ஒன்றைத் தயாரிக்குமாறு நடுவணரசின் துறைகளைப் பணித்தது. தவிர்க்கவியலாத தீங்குகள் எவை, மீட்கவியலாதபடி செலவாகிவிடும் வளங்கள் எவை, முன்மொழியப்பட்டதற்கு மாற்றாக வேறு வழிகள் எவை என்பனவற்றை அவ்வறிக்கை சொல்ல வேண்டும். 1978இல் வகுக்கப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடைமுறையில் இருந்து 2025இல் நீக்கப்பட்ட அதன் விதிமுறைகள், மாற்று வழிகளைப் பற்றிய பகுதியே அறிக்கையின் இதயம் என்று கருதின. தீங்கு குறைந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அச்சட்டம் எந்தத் துறையையும் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்தே தேர்ந்தெடு என்று மட்டும் சொன்னது. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. ஆனால் பல வழிகளையும் அவற்றின் விளைவுகளையும் அருகருகே அச்சிட்டு ஊரார் கையில் கொடுத்தபின், அவற்றுள் மோசமானதை எடுத்துக்கொள்வது எந்த அமைச்சருக்கும் எளிதன்று.

மாற்று வழி பற்றிய இந்தக் கேள்வி இந்திய நடைமுறையில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். இந்திய மதிப்பீட்டு அறிக்கைகளின் குறை தரவுப் பஞ்சம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையின் ஒரு பாதியே. அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீள்கின்றன. ஆயினும் இடமும் தொழில்நுட்பமும் கொள்ளளவும் முடிவாகிவிட்ட பின்னரே ஆய்வு தொடங்குவதால், அப்பக்கங்கள் திட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை. முகூர்த்தப் பத்திரிகை அச்சான பின் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போன்றதே அது.

இதை விளக்க, மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லாத காலத்தில் நடந்த ஒரு மதிப்பீட்டை எடுத்துக்கொள்வது பொருந்தும். நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்குப் பகுதியில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்குள் அமைந்துள்ள அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே சைரந்திரி என்னுமிடத்தில் அணை கட்டலாம் என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே, 1928இல், கண்டறியப்பட்டிருந்தது. திட்டக் குழு 1973இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 130 மீட்டர் உயர அணை, முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம், நீரில் மூழ்கக்கூடிய காடு ஏறத்தாழ 830 ஹெக்டேர் என்பன திட்டத்தின் கூறுகள். பள்ளத்தாக்கின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் மூழ்குவது பத்தில் ஒரு பங்குதான் என்பது திட்டத்தை ஆதரித்தோரின் முதன்மையான வாதமாக இருந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு, ஆற்றங்கரையை ஒட்டிய, பள்ளத்தாக்கின் நடுப்பகுதி. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது தொடர்ச்சியான காடாக இருக்காது. அதோடு, கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் உள்ளே வரும் பாதைகளையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் அவர்களுக்கு வேண்டிய விறகையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு திட்டத்தின் தாக்கம் அது அடைத்துக்கொள்ளும் பரப்பளவோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இந்தியப் பொதுவெளி முதன்முதலில் விரிவாக விவாதித்தது இங்குதான் எனலாம்.

1976இல் ஜாஃபர் ஃபுதேஅலி தலைமையில் நடுவணரசு அமைத்த பணிக்குழு, திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்று பரிந்துரைத்தது. ஆனால் அதே அறிக்கையில், கைவிட இயலாவிட்டால் கடைப்பிடிக்க வேண்டியவை என 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்திருந்தது. மாநில அரசு முதல் பரிந்துரையை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. நிபந்தனைகளை நிறைவேற்றுவதற்கென்றே 1979இல் ஒரு சட்டமும் இயற்றியது. நிபந்தனைப் பட்டியல் இணைக்கப்பட்ட மறுப்பு காலப்போக்கில் ஒப்புதலாக மாறிவிடும் என்ற பாடம் அப்போதே கிடைத்திருந்தும், இன்றைய மதிப்பீட்டுக் குழுக்கள் அதை மறந்துவிட்டதாகவே தோன்றுகிறது. ஐயத்துக்கு இடமான திட்டங்களுக்கு மறுப்புச் சொல்வதற்குப் பதிலாக நாற்பது, ஐம்பது நிபந்தனைகளோடு அனுமதி வழங்குவது அவற்றின் வழக்கமாகிவிட்டது.

விவாதத்தின் போக்கை மாற்றியது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் 1979இல் வெளியிட்ட ஆய்வு. அதைச் செய்தவர்கள் தாவரவியல், மின்பொறியியல், பொருளியல், வேளாண்மை என வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த ஐவர். சிங்கவால் குரங்கைப் பற்றியும் மழைக்காட்டின் தொன்மையைப் பற்றியும் ஏற்கெனவே பலர் பேசியிருந்தனர். சலீம் அலி போன்ற பறவையியலாளரும் சுகதகுமாரி போன்ற கவிஞரும் காட்டின் பக்கம் நின்றனர். பரிஷத் குழுவினர் காட்டிலிருந்து தொடங்காமல் மின்சாரத்திலிருந்து தொடங்கினர். மலபார் பகுதிக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் தேவை, இடுக்கி அணை இயங்கத் தொடங்கிய பின் அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த கேரளத்தில் வடபகுதி மட்டும் ஏன் தட்டுப்பாட்டில் இருந்தது, அந்தத் தட்டுப்பாட்டை மின்கடத்தல் வலையமைப்பைச் சீர்செய்தும் அனல்மின் நிலையத்தின் வழியாகவும் எவ்வளவு தீர்க்கலாம், அணை எத்தனை பேருக்கு வேலை தரும் என்ற கேள்விகளை அவர்கள் வரிசையாக எழுப்பினர். காட்டைக் காப்பதா மக்களுக்கு மின்சாரம் தருவதா என்று இரு முனைகளாக நின்றிருந்த வழக்கு, மின்சாரம் தருவதற்கு உள்ள பல வழிகளில் எது குறைந்த இழப்பில் முடியும் என்ற வழக்காக மாறியது. பின்னர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் அமைந்த கூட்டுக்குழு ஆராய்ந்து அறிக்கை தந்தபின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்திரா காந்தியின் தனிப்பட்ட நாட்டம் இம்முடிவில் பெரும்பங்கு வகித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் சாய்ந்துகொள்வதற்கு உறுதியான ஒரு வாதம் தேவைப்பட்டது. அதை உயிரியல் மட்டும் தந்துவிடவில்லை.

இதன்பின் சட்டம் வந்தது. 1970களின் பிற்பகுதியில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களை ஆராய்வதில் தொடங்கிய நிர்வாக நடைமுறை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1994 ஜனவரியில் வெளியான அறிவிக்கையால் கட்டாயமாயிற்று. 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு அதில் சேர்க்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14 நாளிட்ட அறிவிக்கை முந்தையதை நீக்கி இன்றுள்ள அமைப்பை உருவாக்கியது. அதன்படி திட்டங்கள் அளவையும் தன்மையையும் பொறுத்து ‘அ’, ‘ஆ’ என இரு வகைகளாகின்றன. முதல் வகையை நடுவணரசின் நிபுணர் குழுவும் இரண்டாம் வகையை மாநில அளவிலான ஆணையமும் பரிசீலிக்கின்றன; இரண்டாம் வகைக்குள்ளேயே ஆய்வறிக்கை தேவைப்படுபவை, தேவைப்படாதவை என்ற உட்பிரிவும் உண்டு. வகைப்படுத்தல், எவற்றை ஆராய வேண்டும் என்று ஆய்வு வரம்பு வகுத்தல், பொதுமக்கள் கருத்துக் கேட்பு, நிபுணர் குழுவின் மதிப்பாய்வு என்பன நான்கு படிகள்.

அறிவிக்கையின் மூன்றாம் பின்னிணைப்பு, ஆய்வறிக்கையின் அத்தியாயங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்று வரையறுக்கிறது. அதில் மாற்று வழிகளுக்குரியது ஐந்தாம் அத்தியாயம். திட்ட விளக்கமும் சுற்றுப்புறத்தின் இன்றைய நிலையும் எதிர்பார்க்கப்படும் தாக்கங்களும் தணிப்பு நடவடிக்கைகளும் முதல் நான்கு அத்தியாயங்களில் முடிந்துவிடுகின்றன. அதன்பின்னரே மாற்று வழி வருகிறது. அதுவும், ஆய்வு வரம்பு வகுக்கும்போது தேவையென்று தெரியவந்தால் என்ற நிபந்தனையோடு. அமெரிக்க விதிமுறைகள் இதயமாகக் கொண்ட பகுதி இங்கே விருப்பப்பாடமாகிவிட்டது. நடைமுறையில் இவ்வத்தியாயம் பெரும்பாலும் சில பக்கங்களில் முடிகிறது. நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே உள்ள நிலத்தோடு, எவரும் வாங்க நினைக்காத இரண்டு இடங்களை அட்டவணையில் சேர்த்து ஒப்பிட்டு, கையில் உள்ளதே சிறந்தது என்று காட்டுவதோடு நின்றுவிடுகிறது. திட்டமே வேண்டாம் என்பதும் ஆராயத்தக்க ஒரு மாற்று என்பதை இவ்வறிக்கைகள் எண்ணிப்பார்ப்பது அரிது.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. தேனி மாவட்டத்துக்கென முன்மொழியப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் முதலில் நீலகிரியின் சிங்காராவில், முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி அமைவதாக இருந்தது. யானைகள் நடமாடும் பகுதி என்பதால் 2009 நவம்பரில் நடுவண் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அவ்விடத்தை மறுத்து, சுருளியாறு பகுதியை ஆராயச் சொன்னார். அங்கும் காடு குறுக்கிட்டதால், மூன்றாவதாகப் போடி மேற்கு மலையில் பொட்டிபுரம் தேர்வாயிற்று. இங்கே மாற்று இடம் என்பது காகிதத்தில் மட்டும் நின்ற சொல்லாக இருக்கவில்லை. ஆனால் அடுத்து நிகழ்ந்தது, அமைப்பின் வேறொரு பலவீனத்தைக் காட்டுகிறது. 2011இல் அளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை, கேரளத்தின் மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது உள்ளிட்ட காரணங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. 2018இல் நடுவணரசு, இத்திட்டத்தைக் கட்டடக் கட்டுமானம் என்ற பிரிவில் சேர்த்து, சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதி அளித்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை அமைக்கும் ஒன்றை, நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கென எழுதப்பட்ட பிரிவில் வைப்பது சட்டத்தின் சொற்களுக்குப் பொருந்தலாம். ஆனால் அப்பிரிவில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமில்லை. அதே ஆண்டு நவம்பரில் அனுமதியை உறுதிசெய்த தீர்ப்பாயம், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்றது. நியூட்ரினோவால் தீங்கு வருமா என்ற ஆதாரமற்ற அச்சத்தைப் பற்றியே மேடைகளில் அதிகம் பேசப்பட்டதால், வகைப்படுத்தலைப் பற்றிய இந்த முக்கியமான கேள்வி பொதுவிவாதத்தில் உரிய இடம் பெறவில்லை.

எந்த அடுக்கில் வைக்கப்படுகிறது என்பதே பல திட்டங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு வளங்களைத் தேடும் ஆய்வுக் கிணறுகள் முதல் வகையிலிருந்து, அறிக்கையோ கருத்துக் கேட்போ தேவைப்படாத உட்பிரிவுக்கு மாற்றப்பட்டன. காவிரிப் படுகையில் எழுந்த எதிர்ப்பின் பின்னணியில், அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. உத்தரகண்டில் நான்கு புனிதத் தலங்களை இணைக்கும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் சாலை அகலப்படுத்தும் பணி 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரிவாக்கத்துக்கே மதிப்பீடு தேவை என்பதால் எந்தத் துண்டுக்கும் அது தேவைப்படவில்லை. ஒவ்வொரு துண்டும் சிறிது, சரிவுகளில் வெட்டப்படும் மலையோ ஒன்றே. அதே மாநிலத்தில் 2013 ஜூன் வெள்ளத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம், அலக்நந்தா, பாகீரதி ஆறுகளில் வரிசையாகத் திட்டமிடப்பட்ட நீர்மின் நிலையங்களின் ஒட்டுமொத்தத் தாக்கத்தை ஆராயச் சொன்னது. ரவி சோப்ரா தலைமையிலான குழு, பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட 24 திட்டங்களில் 23 மீட்கவியலாத தீங்கு விளைவிக்கும் என்று 2014இல் கூறியது. ஒட்டுமொத்தத் தாக்கம் என்பது, தனித்தனியே பொறுத்துக்கொள்ளத்தக்க விளைவுகள் ஒரே ஆற்றிலோ காற்றுமண்டலத்திலோ ஒன்றுசேரும்போது உண்டாகும் விளைவு. தனித்தனி நிறுவனம் தன் திட்டத்துக்கு மட்டும் எழுதும் அறிக்கையில் அதற்கு இடமில்லை.

தரவுகளுக்கு வருவோமானால், திட்ட இடத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்துக்குள், பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அடிப்படை நிலைத் தரவுகள் திரட்டப்படுகின்றன. திட்டம் வருவதற்கு முன் அவ்விடம் எப்படியிருந்தது என்பதைப் பதிவுசெய்வதே அடிப்படை நிலைத் தரவு. மழை, காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிடும் என்பதால் காற்று மாசை அளக்க மழையற்ற பருவம் ஏற்றதுதான். ஆனால் தவளைகளையும் வலசைப் பறவைகளையும் ஓடைகளின் உண்மையான போக்கையும் அறிய அதுவே பொருந்தாத பருவம். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மார்ச் முதல் மே வரை ஆய்வு செய்பவருக்கு, நவம்பரில் ஏரியாகும் சதுப்பு நிலம் வெறும் தரிசாகவே தென்படும்; ஆவணத்தில் தரிசென்று எழுதப்பட்டது பின்னர் மனையாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆவதில் வியப்பில்லை.

அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்கு ஊதியம் தருபவர் திட்டத்தை முன்வைப்பவரே. ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் கட்டாயமாக்கப்பட்ட பின்னும் இந்தப் பொருளாதார உறவு மாறவில்லை. விண்ணப்பத்தின் முதற்படிவத்தை நிரப்புவதும் முன்வைப்பவரே. கோவாவின் மோபா விமான நிலையத்துக்கான படிவத்தில் சுற்றுவட்டாரக் காடுகளைப் பற்றிய விவரங்கள் மறைக்கப்பட்டிருந்ததைக் காரணமாகக் காட்டி, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் தடை நீங்கியது. விமான நிலையம் அதே இடத்தில்தான் கட்டப்பட்டது. படிவத்தின் குறை நிவர்த்தியாயிற்று, இடம் பற்றிய கேள்வி திரும்பவும் எழவில்லை.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இவ்வமைப்பில் உயிருள்ள பகுதி. மாசு கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை தாங்க வேண்டும். சுருக்க அறிக்கை வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், பாதிக்கப்படும் மீனவரும் உழவரும் இருபது, முப்பது பக்கச் சுருக்கத்தை வைத்துக்கொண்டே வாதிட வேண்டியிருக்கிறது. அவர்கள் கொண்டுவரும் அறிவு, ஆலோசகரின் ஒரு பருவத் தரவில் இல்லாதது: எந்த மாதத்தில் முகத்துவாரம் அடைபடும், எந்த வாய்க்கால் வழியாக வெள்ளம் வடியும், எந்தக் கரையில் இறால் குஞ்சு சேரும் என்பவை. கேரளத்தின் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்துக்கான அனுமதி, கருத்துக் கேட்பு முறைப்படி நடக்கவில்லை என்று 2001இலும், புதிய ஆய்வறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை என்று 2006இலும் அம்மாநில உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. நடைமுறையைக் காப்பதில் நீதிமன்றங்கள் காட்டும் இந்தக் கண்டிப்பு போற்றத்தக்கது. ஆனால் மக்கள் சொன்னதற்கு முன்வைப்பவர் எழுதும் பதில் போதுமானதா என்பதை ஆராய்வதில் அதே கண்டிப்பு அரிதாகவே தென்படுகிறது.

அனுமதியின்றியே கட்டிமுடித்தவற்றுக்குப் பின்னர் அனுமதி வழங்கும் முறை, மாற்று வழிக் கேள்வியை முற்றிலும் இல்லாமற் செய்துவிடுகிறது. 2017இல் வந்த அறிவிக்கையும் 2021இல் வந்த அலுவலக ஆணையும் இத்தகைய பின்தேதி அனுமதிக்கு வழி வகுத்தன. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இரண்டையும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இருவர் ஒருவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்று, வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொன்னது. மருத்துவமனை, விமான நிலையம் உள்ளிட்ட பொதுத் திட்டங்களை இடிக்க நேர்ந்தால் பல்லாயிரம் கோடி ரூபாய் வீணாகும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் முக்கியமான காரணம். மாறுபட்ட நீதிபதி உஜ்ஜல் புயான், பின்தேதி அனுமதி என்ற கருத்தே சுற்றுச்சூழல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்றார். இடிப்பதால் வரும் இழப்பைப் பற்றிய கவலை பொருளற்றதன்று. ஆனால் அந்த வாதத்தின் வலிமை முழுவதும் கட்டடம் ஏற்கெனவே எழுந்துவிட்டது என்பதிலிருந்தே வருகிறது. வேறு இடத்தில், வேறு அளவில், வேறு முறையில் கட்டியிருக்கலாமா என்பதை அது தொடுவதில்லை.